காருக்குப் பின்னால் டிரெய்லர்: இழுத்துவிடலாம், நிறுத்த முடியுமா?

நெய்யாறு அணைக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர் கள்ளிக்காடு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. ரப்பர் தோட்டங்களும் ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த பகுதி.

இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீடு கள்ளிக்காட்டில், வேலை டெக்னோபார்க்கில். எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம் அருகே குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம். சனி, ஞாயிறில் விவசாயம் பார்க்கலாம் என்று ஒரு பவர் டில்லர் வாங்கிவிட்டார். அது கார் டிக்கியில் ஏறாது. ஒவ்வொரு முறையும் 'குட்டி யானை' பிடித்தால் வாடகை கட்டுப்படியாகாது. காருக்குப் பின்னால் ஒரு ஹூக் போட்டு, சின்னதா ஒரு டிரெய்லர் வாங்கிட்டா என்ன?

"நம்ம வண்டி எஸ்யூவிதானே, இழுக்காதா?" என்பதுதான் இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி. இழுக்கும். இன்றைய கார் எஞ்சின்கள் அரை டன்னை அலுங்காமல் இழுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இழுத்த பாரத்தை நிறுத்த முடியுமா, வளைவில் அடக்க முடியுமா, சட்டம் அதை அனுமதிக்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிரேக் கணக்கு என்ன சொல்கிறது?

காரின் எடை 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரும் டில்லரும் சேர்ந்து 650 கிலோ. டிரெய்லரில் தனியாக பிரேக் இல்லை. அப்படியானால் 1,300 கிலோவை நிறுத்தி வந்த அதே பிரேக்கும் அதே நான்கு டயர்களும் இப்போது 1,950 கிலோவை நிறுத்த வேண்டும். எடை ஒன்றரை மடங்கு. தோராயக் கணக்கில், வண்டி நிற்க எடுக்கும் தூரமும் ஒன்றரை மடங்கு.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், காய்ந்த சாலையில், கார் மட்டும் என்றால் பிரேக் பிடித்த பிறகு சுமார் 20 மீட்டரில் நிற்கும். டிரெய்லரோடு அது 30 மீட்டர். கூடுதலாகப் போகும் அந்த 10 மீட்டரில் இரண்டு கார்களை வரிசையாக நிறுத்திவிடலாம். முன்னால் போகும் பஸ் ஸ்டாப்பில் திடீரென நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மழைக்காலம் என்றால் இந்தத் தூரம் இன்னும் கூடும்.

இறக்கத்தில் இன்னொரு கணக்கும் சேரும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், 1,950 கிலோ எடையுள்ள வண்டித் தொடரை ஏறக்குறைய 195 கிலோ எடைக்குச் சமமான விசை கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறி, பிடிப்பு குறையும். அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள் சொல்வார்கள்: எந்த கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறங்கிய பிறகு நினைவு வந்தால் தாமதம்.

ஐரோப்பிய நாடுகளில் டிரெய்லரோடு சேர்த்து மொத்தம் 750 கிலோ என்பது ஒரு முக்கியமான எல்லை. அதைத் தாண்டினால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். பெரும்பாலும் அது 'ஓவர்ரன் பிரேக்' வகையாக இருக்கும். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கி முட்டும் விசையையே பயன்படுத்தி, தானாகவே பிரேக் பிடிக்கும். இந்தியாவின் வாகன வகைப்பாட்டிலும் டிரெய்லரின் முதல் வகையான 'டி1' 750 கிலோவோடு முடிகிறது. ஆனால் 750-க்குக் கீழே இருந்தாலே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. சின்ன ஹேட்ச்பேக் காருக்கு 600 கிலோவே அதிகம்.

என் கார் எவ்வளவு இழுக்கலாம்?

இதற்கான பதில் யூடியூபில் இல்லை. காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பல கார்களின் கையேடு, டிரெய்லர் இழுக்க இந்த வண்டி வடிவமைக்கப்படவில்லை என்று நேரடியாகவே சொல்லிவிடும். அப்படி எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதே மாடல் வெளிநாட்டில் இழுக்கிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பின் சஸ்பென்ஷன் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறலாம்.

அனுமதி இருந்தால் மூன்று எண்களைத் தேடுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்கான எடை வரம்பு, பிரேக் உள்ள டிரெய்லருக்கான வரம்பு, ஹூக்கின் மேல் செங்குத்தாக அமரக்கூடிய அதிகபட்ச எடை. காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு கொடுத்திருந்தால், காரில் உட்காரும் ஆட்களும் டிக்கியில் இருக்கும் மூட்டைகளும் அந்தக் கணக்கில் வரும்.

டிரெய்லரின் எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். பாரம் ஏற்றிய நிலையில் ஒரு முறை எடை மேடைக்குக் கொண்டுபோய் ரசீது வாங்கிவிடுங்கள். தண்ணீர் டேங்க் என்றால் கணக்கு சுலபம்: 1 லிட்டருக்கு 1 கிலோ. ஆனால் பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி வண்டியை ஆட்டும். ஒன்று முழுதாக நிரப்புங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோங்கள்.

பாரத்தை எங்கே வைக்க வேண்டும்?

டிரெய்லர் விபத்துகளின் மிக முக்கியமான காரணம் பலருக்குத் தெரியாத ஒன்று: பாரம் எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் உயிர் விஷயம்.

டிரெய்லரை ஒரு தராசு போல நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம்தான் நடுமுள். பாரம் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால், டிரெய்லரின் மூக்கு காரின் ஹூக் மேல் அழுத்தி உட்காரும். இந்த அழுத்தத்தை 'மூக்கு எடை' என்று வைத்துக்கொள்வோம். பாரம் பின்னால் போனால் மூக்கு மேலே எழும்ப முயலும், காரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். காரின் பின் டயர்கள் சாலையைப் பிடிக்காது. அப்போது ஒரு பக்கக் காற்று அடித்தாலோ, பக்கத்தில் ஒரு பஸ் வேகமாக ஓவர்டேக் செய்தாலோ, டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாக அடங்காது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையே சுழற்றிப் போட்டுவிடும்.

மூக்கு எடை எவ்வளவு இருக்க வேண்டும்? அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்பது வழக்கமான அறிவுரை. டிரெய்லரின் அமைப்பும் ஓட்டும் வேகமும் வேறு என்பதால் இந்த வித்தியாசம். உங்கள் காரும் டிரெய்லரும் சொல்லும் வரம்புதான் உங்களுக்கு இறுதி.

ஒரு உதாரணம். 10 சதவீதக் கணக்கில் 650 கிலோ டிரெய்லருக்கு மூக்கு எடை 65 கிலோ வர வேண்டும். ஆனால் காரின் கையேடு 50 கிலோதான் தாங்கும் என்கிறது. பலரும் இங்கேதான் தப்பு செய்வார்கள். "டில்லரைக் கொஞ்சம் பின்னாடி தள்ளு, சரியாயிடும்" என்பார்கள். 50 கிலோ வந்துவிடும், ஆனால் டிரெய்லர் ஆட்டத்துக்குப் பக்கத்தில் போய்விடும். சரியான வழி, மொத்த எடையை 500 கிலோவுக்குள் குறைப்பது. மூக்கு எடை அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். காரின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சமதளத்தில் டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கல் வையுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ஹூக் இருக்கும் அதே உயரத்தில் டிரெய்லரின் மூக்கை அதில் தாங்க விடுங்கள். மெஷின் காட்டும் எண்ணில் கட்டையின் எடையைக் கழித்தால் மூக்கு எடை. கனமான பொருள் கீழேயும் சக்கரத்தின் மேலேயும், லேசானது ஓரங்களிலும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ராட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். தேங்காய்நார்க் கயிறு வேண்டாம்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்துவிட்டால்?

அந்த நேரத்தில் மனசு சொல்வது எல்லாமே தப்பாக இருக்கும். பதறி பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின்னால் வரும் எடை காரை முட்டித் திருப்பிவிடும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து ஆட்டத்தைச் சரிசெய்யப் பார்த்தால், உங்கள் கை டிரெய்லரின் வீச்சுக்குப் பிந்தியே ஓடும், ஆட்டம் கூடும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்பதும் பலர் நம்பும் ஒரு யோசனை. அதுவும் ஆபத்தானது, ஏனென்றால் ஆட்டத்துக்குக் காரணமே வேகம்தான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்திருங்கள். வேகம் தானாகக் குறையட்டும். ஆட்டம் அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்குங்கள். "அடங்கிடுச்சே" என்று அப்படியே தொடர்ந்து போனால், அடுத்த லாரி ஓவர்டேக் செய்யும்போது மீண்டும் ஆடும்.

ஹூக் போட்டால் தப்பா?

நம் ஊரில் டிரெய்லரே இல்லாத கார்களிலும் பின்னால் ஹூக் தொங்குகிறது. பின்னால் இடித்தால் பம்பர் தப்பிக்கும் என்ற கணக்கு. ஆனால் பம்பர் நசுங்கி வாங்க வேண்டிய அடியை அந்த இரும்பு நேராக சேஸிஸுக்குக் கடத்திவிடும். பின்னால் வரும் பைக்காரரின் முழங்காலுக்கும் அதுதான் எமன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். எனவே தயாரிப்பாளர் அங்கீகரித்த, சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தும் ஹூக்கை மட்டுமே தேர்ந்தெடுங்கள். அது அங்கீகரிக்கப்பட்டது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பட்டறையில் வெல்டிங் வைத்த ஹூக் என்றால், வாரண்டியும் இன்சூரன்ஸ் கிளெய்மும் கேள்விக்குறிதான்.

டிரெய்லருக்கும் நம்பர் பிளேட் வேண்டுமா?

வேண்டும். சட்டத்தின் பார்வையில் டிரெய்லர் தனி வாகனம். 61-ஆம் பிரிவின்படி, மற்ற வண்டிகளைப் போலவே அதையும் பதிவு செய்ய வேண்டும். டிரெய்லரின் சொந்தப் பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை இழுக்கும் காரின் எண் டிரெய்லரின் மேலும் தெரிய வேண்டும், ஏனென்றால் காரின் பிளேட்டை டிரெய்லர் மறைத்துவிடும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம்.

எங்கே பதிவு செய்வது? உரிமையாளர் வசிக்கும் இடம் அல்லது வண்டியை வழக்கமாக வைத்திருக்கும் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும். நம் கற்பனை மனிதர் வீட்டிலேயே டிரெய்லரை வைத்திருந்தால் கேரளத்தில், உதாரணமாக காட்டாக்கடை அலுவலகத்தில், அதாவது கே.எல்.-74. எல்லை தாண்டினால் நாகர்கோவிலுக்கு டி.என்.-74. எண் ஒன்றாக இருந்தாலும் மாநிலம் வேறு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும். டிரெய்லரை மார்த்தாண்டம் தோட்டத்திலேயே நிரந்தரமாக விட்டுவைக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

வாங்கும் முன் விற்பவரிடம் ஒப்புதல் சான்றிதழைக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் "இது பதிவாகுமா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்தி, டிரெய்லர் பாலிசிக்குள் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். விபத்தில் எதிரே இருப்பவருக்கு ஏற்படும் நஷ்டம் உங்கள் சம்பளத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

லைசென்ஸ்? இந்தியச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு பட்டியலிடும் ஓட்டுநர் உரிம வகைகளில் டிரெய்லருக்கென்று தனி வகை இல்லை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நம்மில் யாருக்கும் டிரெய்லர் ஓட்டிக் காட்டச் சொல்லி டெஸ்ட் வைக்கவில்லை என்பதே இதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் உரிமத்தோடு கனமான டிரெய்லரை இழுக்கக் கூடுதல் பயிற்சியோ தேர்வோ தேவை. பிரிட்டன் 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வை நீக்கி, கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை அனுமதித்தது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையில் எப்படி ஓட்டுவது?

வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். இடது பக்கம் திரும்பும்போது ஓரத்தில் நிற்கும் சைக்கிளோ, கால்வாய்க் கல்லோ மாட்டும். அதனால் கொஞ்சம் முன்னே போய், அகலமாகத் திரும்புங்கள்.

ரிவர்ஸ் எடுப்பதுதான் எல்லோருக்கும் வேர்வை வரவைக்கும் இடம். கார் ஒரு பக்கம் போனால் டிரெய்லர் மறுபக்கம் போகும். ஒரு எளிய வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ரொம்ப மெதுவாக, சின்னச் சின்னதாக. மடங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, முன்னே போய் நேராக்கிக்கொள்ளுங்கள். இதைக் காலியான மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

ஓவர்டேக் செய்ய வேண்டிய தூரமும் கூடும், ஏனென்றால் நீங்கள் இப்போது இரண்டு வண்டி நீளம். களியக்காவிளை, பாறசாலை போன்ற நெரிசலான இடங்களில் ஓவர்டேக் நினைப்பையே விட்டுவிடுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். கிராமச் சாலையில் 40, தேசிய நெடுஞ்சாலையில் 60 என்பது நிதானமான வேகம்.

டிரெய்லருக்குள் ஆள் ஏற்றவே கூடாது. "ரெண்டு கிலோமீட்டர்தானே, பிடிச்சுக்கோ" என்று யாரும் சொன்னால் 2022 அக்டோபர் 1-ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள்.

ரிப்பேரான காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

நம்மில் பலர் வாழ்க்கையில் செய்யப்போகும் ஒரே 'டோயிங்' இதுதான். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் இதை அருகிலுள்ள பட்டறை அல்லது பெட்ரோல் பங்க் வரை மட்டும் அனுமதிக்கின்றன. இழுபடும் காரின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 25 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். சிவப்புத் துணியைக் கட்டி, ஹசார்டு விளக்கைப் போடுங்கள். இரண்டும் தனித்தனி வண்டி என்று நினைத்து நடுவில் நுழையும் பைக்காரருக்கு அந்தக் கயிறு உயிரைப் பறிக்கும் பொறி.

எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் போல இறுகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் லாக் விடுபட்டதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் கார்களைச் சக்கரம் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் அல்லது மோட்டார் பழுதாகலாம். அவற்றுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டிதான் சரி.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

1. ஹூக் பந்தின் மேல் டிரெய்லர் முழுதாகப் பூட்டிக்கொண்டதா? மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும்.

2. இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டியிருக்கின்றனவா? ஹூக் விட்டுப்போனால் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் போலத் தாங்குவது அவைதான்.

3. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைட், இரண்டு இண்டிகேட்டர், டெயில் லைட் எல்லாம் எரிகிறதா என்று பாருங்கள்.

4. டிரெய்லர் டயரில் காற்று, சக்கர நட்டு. பல மாதம் ஓடாமல் நிற்கும் டயர் வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே வெடித்திருக்கலாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

5. 10 கி.மீ. போனதும் நிறுத்தி, பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் பேரிங் சிக்கலில் இருக்கிறது.

அப்படியானால் வாங்கலாமா?

மாதத்தில் பல முறை பாரம் கொண்டுபோக வேண்டும், காரின் கையேடு அனுமதிக்கிறது, டிரெய்லர் பதிவாகும், பழக நேரமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். சரியாக ஏற்றிய சின்ன டிரெய்லர் சாதுவாகப் பின்னால் வரும்.

வருஷத்துக்கு நான்கு முறைதான் வேலை என்றால் கணக்கு வேறு. ஹூக், டிரெய்லர், பதிவு, இன்சூரன்ஸ், டயர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணத்தில் குட்டி யானைக்குப் பல வருஷம் வாடகை கொடுக்கலாம். அதில் பாரம் ஏறுவது, அந்த எடையைத் தாங்கவும் நிறுத்தவும் என்றே செய்த சேஸிஸ் மேலும் பிரேக் மேலும். நம் கள்ளிக்காட்டு நண்பர் கார் சாவியை எடுக்கும் முன், காரின் கையேட்டை எடுத்துப் படிக்கட்டும். அதில் 'டிரெய்லர்' என்ற தலைப்பில் இருக்கும் சில வரிகளே இந்தக் கேள்விக்குப் பாதி பதில்.